பின் நம்பர் போட்டதும் வந்த இருட்டு

மாதத்தின் 18ஆம் தேதி, இரவு பத்தே முக்கால். ஈரோட்டில் ஏழு சின்ன ஜவுளிக் கடைக்காரர்களுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். 20ஆம் தேதிக்குள் ஏழு பேருக்கும் ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டனைப் போட்டாக வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்து பின் நம்பரைத் தட்டினேன். வெல்கம் என்று ஒரு வட்டம் சுற்றியது. அப்புறம் இருட்டு. சுத்தக் கறுப்புத் திரையில் மௌஸின் வெள்ளை அம்பு மட்டும். நகர்த்தினால் நகர்ந்தது, அழுத்தினால் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம் பார்த்தேன், பத்து நிமிடம் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி அப்டேட் போட்டு அணைத்தது நினைவுக்கு வந்தது. அந்த வேலை இன்னும் முடியவில்லை போல என்று சொல்லிக்கொண்டு ஒரு டம்ளர் காபி போட்டுக்கொண்டு வந்தேன். அம்பு அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

அடுத்து நான் செய்ததுதான் முதல் தப்பு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டேன், மறுபடி இருட்டு, மறுபடி அணைத்தேன். நாலு தடவையாவது இருக்கும். உயிர் பெற்ற இரண்டே நிமிடத்துக்குள் விண்டோஸை இப்படி அடுத்தடுத்து வெட்டி அணைத்தால், ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு அதுவாகவே ரிப்பேர் பக்கத்துக்குப் போய்விடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. போனது. அதில் ஏதேதோ மெனு. ஒன்றை அழுத்தினேன். நீலத் திரையில் பிட்லாக்கர் ரிகவரி கீ, அதாவது டிஸ்க்குக்குப் போட்டிருக்கும் பூட்டின் சாவியைக் கொடு என்று கேட்டது. 48 இலக்கம். நான் எந்தப் பூட்டையும் போட்டதே இல்லையே! எவனோ உள்ளே புகுந்து பூட்டிவிட்டுப் பணம் கேட்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். வயிறு கலங்கிவிட்டது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏழு பேருடைய கணக்கும் அதற்குள் இருக்கிறது. கடைசியாக பென் டிரைவில் பேக்கப் எடுத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அன்று ராத்திரி தூங்கவில்லை. வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, “அஞ்சு வருசம் ஆச்சு, புதுசு வாங்கிக்கலாம் விடு” என்றார். லேப்டாப்பா என் கவலை?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் பின்னால் வந்த பாதி அலைச்சல் இருந்திருக்காது. லேப்டாப் எதுவரைக்கும் ஒழுங்காக வந்தது என்று பாருங்கள். பின் நம்பர் கேட்கும் பக்கம் தெளிவாகத் தெரிகிறது என்றால் திரை நன்றாக இருக்கிறது. நம்பரை ஏற்றுக்கொண்டு வெல்கம் என்கிறதென்றால் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் எழும்பி ஓடுகிறது. அம்பு நகர்கிறதென்றால் உறைந்துபோகவும் இல்லை. சிக்கல் அதற்கு மேலே, உங்கள் கணக்குக்காக டெஸ்க்டாப்பைக் கொண்டுவந்து விரிக்கும் கட்டத்தில்தான். வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு வாசற்படியில் மயங்கி விழுந்த மாதிரி. உள்ளே இருக்கும் சாமானுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெரும்பாலும் இது மென்பொருள் கோளாறுதான், ஃபைல்கள் பத்திரமாக அப்படியே இருக்கும்.

இதெல்லாம் தெரியாமல் 19ஆம் தேதி காலை ஒன்பதரைக்கே ஒரு சர்வீஸ் கடை வாசலில் நின்றேன். பையன் திறந்து பார்த்தான், நீலத் திரையைப் பார்த்தான், இரண்டே நிமிடம். “பிட்லாக்கர் விழுந்திருக்கு மேடம். ஃபார்மேட் போட்டுடலாம், ஆயிரத்து இருநூறு.” டேட்டா என்ன ஆகும் என்றேன். “அது போயிடும். பேக்கப் இருக்குல்ல?” நான் தலையாட்டப் போய்விட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவ்வளவு களைப்பு, எப்படியாவது திரை வந்தால் போதும் என்ற நிலைமை. நல்லவேளை, அவன் கையில் வேறு வேலை இருந்தது, சாயங்காலம் வாங்க என்றான். பார்த்த கூலி 300 ரூபாய் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ரிகவரி கீ இருக்கிறதா என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, ஃபார்மேட் போட்டால் அரை மணியில் வேலை முடியும், காரணம் தேடினால் அரை நாள் ஆகும்.

இரண்டாவது கடையில் இன்னும் மோசம். மத்தியானம் வரை வைத்திருந்துவிட்டு, மதர்போர்டில் சிப் போயிருக்கிறது, 7,500 ஆகும், மூன்று நாள் வேண்டும் என்றார்கள். பின் நம்பர் பக்கம் வருகிறதே என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. வேண்டாம் என்று சொன்னதற்கு 500 ரூபாய் செக்கிங் சார்ஜ். ஒப்புக்கொள்ளுமுன் பார்க்கும் கூலி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கும்போதே ஒரு துண்டுச் சீட்டில் ‘என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அதற்குள் போன் வர ஆரம்பித்துவிட்டது. “ஏனுங்க மேடம், ரிட்டன் போட்டாச்சுங்களா?” போட்டுட்டிருக்கேன் அண்ணா என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்லூரி லேப்டாப்பை இரவல் வாங்கினேன். பிரவுசிங் சென்டரில் போய் ஏழு பேருடைய பாஸ்வேர்டையும் போட மனசு வரவில்லை. நல்லதுக்கு, விற்பனை விவரம் 11ஆம் தேதிக்குள்ளேயே ஜிஎஸ்டிஆர் 1இல் ஏற்றியிருந்தேன், கொள்முதல் பக்கத்து விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர் 2பி 14ஆம் தேதி போர்ட்டலில் வந்திருந்தது. அந்த இரண்டையும் காகித பில்களோடு ஒப்பிட்டு, கால்குலேட்டரில் கூட்டி, 20ஆம் தேதி ராத்திரி பதினொன்றரைக்குள் நாலு பேருக்குப் போட்டு முடித்தேன். மீதி மூன்று பேருடைய பில் கட்டுகளை ஏற்கெனவே கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பதிவு மட்டும் என் டேலியில். அந்த மூன்றும் நின்றுபோயின.

அதே ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் புனேயில் இருக்கும் அக்கா பையனுக்குப் போன் போட்டேன். முதல் நாளே போட்டிருக்கலாம். எப்போதும் அவனையே தொந்தரவு செய்கிறோமே என்ற கூச்சம். அவன் கேட்ட முதல் கேள்வி, “அம்பு நகருதா சித்தி?” நகருது என்றேன். “அப்ப பயப்படாதீங்க” என்றான். இரண்டு நாளில் அந்த வார்த்தையை ஒருத்தரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது.

அவன் சொன்ன வரிசை நன்றாக நினைவிருக்கிறது. முதலில், செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னான், பிரிண்டர், பென் டிரைவ், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம். அணைத்துப் போட்டும் மாற்றமில்லை. கறுப்புத் திரை வந்ததும் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பஸ்ஸுக்கு வரும் ஆங்கில பி நான்கையும் சேர்த்து அழுத்தச் சொன்னான். பீப் என்று ஒரு சத்தம், திரை ஒரு கணம் சிமிட்டியது. அது கிராஃபிக்ஸ் டிரைவரைத் தட்டி எழுப்பும் வழி, பலருக்கு இதிலேயே சரியாகிவிடுமாம். எனக்கு ஆகவில்லை. டிவியிலோ வேறு மானிட்டரிலோ எப்போதாவது இணைத்திருந்தால் படம் அங்கே போய்க்கொண்டிருக்கலாம் என்று விண்டோஸ் கீயோடு ஆங்கில பி எழுத்தை, பேனாவுக்கு வரும் பி, அழுத்திப் பார்த்தோம். அதுவும் இல்லை. அடுத்து கன்ட்ரோல், ஆல்ட், டெலிட். இரண்டு நிமிடம் கழித்து ஒரு பட்டியல் வந்தது. அதில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ரன் நியூ டாஸ்க் என்பதில் எக்ஸ்ப்ளோரர், புள்ளி, இ எக்ஸ் இ என்று அடித்தேன். டாஸ்க்பாரையும் டெஸ்க்டாப்பையும் வரைவது அந்த புரோகிராம்தான், அது எழும்பாவிட்டால் இப்படித்தான் வெறும் இருட்டாக இருக்கும். அடியில் டாஸ்க்பார் வந்தது, கத்தப் போனேன், அதற்குள் மறைந்துவிட்டது. மூன்று தடவை அதே கதை.

சரி, சேஃப் மோட் என்றான். விண்டோஸ் தன் அத்தியாவசியமான பாகங்களோடு மட்டும் எழும்பும் முறை அது. பின் நம்பர் பக்கத்தின் மூலையில் இருக்கும் பவர் குறியை அழுத்தி, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். அப்புறம் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ். அங்கேதான் மறுபடி அந்த நீலத் திரை, அந்த 48 இலக்கம். இதை யாரும் திருடிப் பூட்டவில்லை என்று அவன் விளக்கினான். இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து முதல் தடவை செட்டப் செய்யும்போதே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டு, சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். லேப்டாப் திருடு போனாலும் எவனும் டிஸ்க்கைக் கழற்றி நம் ஃபைலைப் படிக்கக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான், சொந்தக்காரிக்கும் சொல்லியிருக்கலாம்.

போனில் மைக்ரோசாஃப்ட் தளத்தில் என் மெயில் ஐடியைப் போட்டு நுழைந்தேன். ரிகவரி கீ எதுவும் இல்லை என்றது. மறுபடியும் வயிற்றைக் கலக்கியது. சாவி தொலைந்தால் மைக்ரோசாஃப்ட்காரர்களே நினைத்தாலும் திரும்ப உண்டாக்கித் தர முடியாது, டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் போடுவது ஒன்றுதான் வழி. அரை மணி நேரம் யோசித்த பிறகு அவனே, “சித்தி, இந்த லேப்டாப்பை வாங்கினப்ப நான்தானே செட்டப் பண்ணிக் கொடுத்தேன்?” என்றான். கல்லூரி நாளில் வைத்திருந்த ஒரு பழைய மெயில் ஐடி. அதன் பாஸ்வேர்டு அவனுக்கே மறந்துவிட்டது, ஓடிபி போகும் நம்பர் மட்டும் நல்லவேளையாக மாறவில்லை. உள்ளே போனால் சாவி இருந்தது. நீலத் திரையில் ஒரு கீ ஐடி காட்டும், அதன் முதல் எட்டு எழுத்துகளும் கணக்கில் இருக்கும் ஐடியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் ஆறாறு இலக்கமாகச் சொல்லச் சொல்ல, எட்டுத் தடவை தட்டி முடித்தேன். திறந்துவிட்டது.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் லேப்டாப் நன்றாக இருக்கும்போதே இன்றைக்கு இதைப் பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று தேடினால் பூட்டு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால், லேப்டாப்பை முதலில் செட்டப் செய்தது யார், எந்த மெயில் ஐடியில் என்று விசாரியுங்கள். கடைக்காரரே ஏதோ ஒரு ஐடி போட்டுக் கொடுத்திருந்தால் இன்னும் அவசரம். சாவியைத் தாளில் எழுதி லேப்டாப் பையில் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.

ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 4 அழுத்தினால் சேஃப் மோட், 5 அழுத்தினால் இன்டர்நெட்டோடு சேஃப் மோட். 5 அழுத்தினேன். இங்கே இன்னொரு முட்டுக்கட்டை, பின் நம்பரை ஏற்கவில்லை. சேஃப் மோடில் சில சமயம் பின் வேலை செய்யாது, கணக்கின் முழு பாஸ்வேர்டைக் கேட்கும். அது அந்தப் பழைய மெயில் ஐடியுடையது. அவன் புதிதாக மாற்றிய பாஸ்வேர்டைப் போட்டோம். நாலு மூலையிலும் சேஃப் மோட் என்று எழுதிய கறுப்பு டெஸ்க்டாப், பெரிசு பெரிசாக ஐகான்கள். டேலி ஃபோல்டர் இருந்த இடத்தில் இருந்தது. மணி இரண்டே கால். அழுதுவிட்டேன்.

ரிப்பேர் வேலையைத் தொடவே கூடாது, முதலில் காப்பி எடுங்கள் என்றான். ஏழு பேருடைய டேலி டேட்டா, எக்ஸல் ஃபைல்கள், ஸ்கேன் செய்த பில்கள் எல்லாம் பென் டிரைவுக்குப் போக நாற்பது நிமிடம். அதற்குப் பிறகு எனக்குக் கை நடுங்கவில்லை. இனி என்ன ஆனாலும் லேப்டாப்புக்குத்தான் ஆகும்.

காரணம் என்ன என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் தேடினோம். சேஃப் மோடில் டெஸ்க்டாப் வருகிறது என்றாலே, விண்டோஸின் அடிப்படை சரியாக இருக்கிறது, நாம் பிற்பாடு ஏற்றிய எதுவோ மறிக்கிறது என்று பொருள். சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து, பின்னணியில் ஓடும் புரோகிராம்களைக் காட்டும் சர்வீசஸ் பக்கத்தில் மைக்ரோசாஃப்டின் சர்வீஸ்களை மறைக்கும் கட்டத்தில் முதலில் டிக் போட வேண்டும், இதை மறந்தால் தேவையானதையும் அணைத்துவிடுவோம். மீதியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சாதாரணமாகப் போட்டால் டெஸ்க்டாப் வந்துவிட்டது. அப்புறம் பாதியை மட்டும் திறந்து ரீஸ்டார்ட், வந்தால் மறு பாதியில் குற்றவாளி. அதில் பாதி, அதில் பாதி. ஐந்தாவது ரீஸ்டார்ட்டில் சிக்கியது. ஆன்டிவைரஸ். ஒன்றல்ல, இரண்டு!

குட்டு உடைந்தது. பணம் கட்டி வைத்திருந்த ஆன்டிவைரஸ் முந்தின மாதம் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்க 900 ரூபாய். எதற்கு என்று இலவசமாகக் கிடைத்த ஒன்றை நான்தான் இறக்கிப் போட்டேன். பழையதை எடுக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு ஃபைலையும் நான் பார்க்கிறேன், நீ பார் என்று இழுத்துக்கொண்டிருந்திருக்கின்றன. அதோடு ஒரு மாதம் எப்படியோ ஓட்டிய விண்டோஸ், புது அப்டேட்டுக்குப் பிறகு படுத்துவிட்டது. பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸின் அடிமடியில் உட்கார்ந்திருப்பதால் அது சறுக்கினால் எல்லாமே சறுக்கும் என்று அக்கா பையன் சொன்னான். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமானங்கள் நின்றது நினைவிருக்கும், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தப்பான அப்டேட்தான், சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்தன. அவற்றையும் சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழித்துத்தான் எழுப்பினார்கள், அங்கேயும் பிட்லாக்கர் சாவி கையில் இல்லாதவர்கள் திண்டாடினார்கள். பெரிய பெரிய கம்பெனிகளே பட்ட பாடு என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல், உண்மையைச் சொன்னால்.

இரண்டு ஆன்டிவைரஸையும் எடுத்துவிட்டேன். விண்டோஸோடு வரும் டிஃபென்டரே இப்போது ஓடுகிறது. எல்லாருக்கும் ஆன்டிவைரஸ்தான் காரணமாக இருக்கும் என்றில்லை. சி டிரைவ் இடமில்லாமல் நிரம்பியிருந்தாலும் இப்படி ஆகலாம். கடைசியாக ஏறிய அப்டேட்டை அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் இருந்து நீக்கிப் பார்க்கலாம், சிஸ்டம் ரெஸ்டோர் போட்டு முந்தைய தேதிக்குப் போகலாம். சேஃப் மோடிலும் இருட்டாகவே இருந்தால் உங்கள் யூசர் கணக்கே பழுதாகியிருக்கலாம், புதிதாக ஒரு யூசர் உண்டாக்கி அதில் டெஸ்க்டாப் வருகிறதா என்று பார்த்து, வந்தால் பழைய ஃபைல்களை அங்கே மாற்றிக்கொள்ளலாம். இதெல்லாம் செய்து பார்த்த பிறகுதான் ஃபார்மேட் என்ற பேச்சே.

திங்கட்கிழமை 22ஆம் தேதி மீதி மூன்று ரிட்டனையும் போட்டேன். தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாய், வரி ஒன்றும் இல்லாதவருக்கு 20. இரண்டு பேருக்கு நூறு நூறு, ஒருவருக்கு நாற்பது. கட்ட வேண்டிய வரிக்கு வருடத்துக்கு 18 சதவீதக் கணக்கில் இரண்டு நாள் வட்டி, அது சில்லறை. எல்லாம் என் கையிலிருந்து கொடுத்தேன். கடைகளுக்கு 800, ஆட்டோவுக்கு 260. புதிதாக ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கினேன், ஐயாயிரத்துச் சொச்சம். இப்போது டேலியில் ஆல்ட்டும் ஒய்யும் அழுத்தி பேக்கப் கொடுப்பது வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதோடு சேர்ந்த வேலையாகிவிட்டது.

மூன்று பேரில் ஒருவர் மட்டும் கணக்கை வேறொருவரிடம் மாற்றிவிட்டார். மாதம் 2,500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஆறு வருடப் பழக்கம். தாமதத்துக்காக இல்லையாம். “லேப்டாப் ரிப்பேருன்னு முதல் நாளே சொல்லியிருந்தா நானே பில்லைத் திருப்பிக் குடுத்திருப்பனுங்களே, எதுக்குங்க போட்டுட்டிருக்கேன்னு சொன்னீங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி பீரோவில் நகை அடகுச் சீட்டுகளோடு வைத்திருக்கிறேன். கணக்கு இன்னும் அக்கா பையனின் பழைய மெயில் ஐடியில்தான் கிடக்கிறது, பொங்கலுக்கு அவன் வரும்போது உட்கார வைத்து மாற்ற வேண்டும்.